பெரியம்மாவின் ஆமைப்பூட்டு

விடிய ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கீழ்வீட்டு ராத்தா (முஸ்லிம்கள் அக்காவை இப்படித்தான் சொல்வார்கள்) தொழுகைக்கு எழும்பியிருக்கிறார். மேலே யாரோ தரையில் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் அமைதி, மறுபடி மூன்று தட்டு. தண்ணிக் குழாயில் காற்று அடைத்தாலும் அந்தக் கட்டடத்தில் இப்படிச் சத்தம் வரும் என்பதால் முதலில் அவர் பெரிதாக எடுக்கவில்லை. தொழுது முடித்த பிறகும் தட்டல் நிற்கவில்லை. படியேறிப் போய்க் கூப்பிட்டபோது உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: “விழுந்து போனன் பிள்ளை. எழும்பேலாமல் கிடக்குது.”

எனக்குப் போன் வந்தபோது ஐந்து இருபது. நான் இருப்பது கொழும்பை ஒட்டிய தெஹிவளையில். அந்த நேரத்தில் காலி வீதி வெறுமையாகக் கிடக்கும், ஓட்டோவில் பத்து நிமிடத்தில் பெரியம்மா இருக்கும் வெள்ளவத்தைக்குப் போய்விடலாம். போனேன். போய் என்ன செய்ய? மரக்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதற்கு வெளியே இரும்புக் கிறில், அதில் உள்பக்கமாக இரண்டு ஆமைப்பூட்டு. திறப்புகள் பெரியம்மாவின் தலையணைக்கு அடியில். அவர் கிடந்ததோ கட்டிலிலிருந்து பதினைந்து அடி தள்ளி, தரையில்.

பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி இரும்பறுக்கும் வாள் ஒன்று கொண்டு வந்தார். இரண்டு பூட்டையும் அறுத்து, தாழ்ப்பாளை உடைத்து நாங்கள் உள்ளே போகும்போது ஆறு நாற்பது. பெரியம்மா விழுந்தது மூன்று மணியளவில். ஏறக்குறைய நாலு மணி நேரம் சிவப்புச் சீமெந்துத் தரையில் கிடந்திருக்கிறார், கையில் எட்டிய எவர்சில்வர் டம்ளரால் தட்டிக்கொண்டு. முதல் ஒரு மணி நேரம் யாரையும் எழுப்பக்கூடாது என்று தட்டவே இல்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த அழுகையை இன்னும் மறக்கவில்லை.

1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது, காசு எதுவும் இல்லை. நான் தமிழிலேயே கதைத்தேன். வரும்வரை ஆளைத் தூக்கி நிறுத்த வேண்டாம் என்றார்கள். அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வயதானவர் விழுந்து கிடக்கும்போது ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பருகே தொடை எலும்பு முறிந்திருக்கலாம், தூக்கினால் இன்னும் மோசமாகும் என்பதை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தலை அடிபட்டிருந்து, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவராகவும் இருந்தால், ஆள் எழும்பி நன்றாகக் கதைத்தாலும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். உள்ளே கசிகிற இரத்தம் மெல்ல மெல்லத்தான் குணம் காட்டும்.

பெரியம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிவு. இடுப்பு தப்பியது. நீண்ட நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் உடம்புப் பாரத்தில் தசை நசுங்கி அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் என்று சொல்லி, இரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். விழுவது ஒரு ஆபத்து, விழுந்தபின் ஆள் வராமல் கிடப்பது இன்னொரு ஆபத்து. எனக்கு அன்றுதான் இந்த இரண்டாவது விளங்கியது.

அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் குடும்பக் கூட்டம். பெரியம்மாவின் பிள்ளைகளில் மூத்தவர் ரொறன்ரோவில், இளையவர் லண்டனில். ஒருவர் கமரா பூட்டச் சொன்னார். மற்றவர் முதியோர் இல்லம் பார்க்கச் சொன்னார். பிறகு இரண்டு பேருமே “பாத்ரூமை முதலில் செய்யுங்கோ” என்று சொல்லிக் காசு அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்பதாயிரம், பதினாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு அம்மா விழுந்தார் என்று கேட்டால் மனம் எதையாவது வாங்கச் சொல்லும். நானும் அப்படித்தான் யோசித்தேன். வயதானவர் விழுந்தால் பாத்ரூமில்தான் விழுந்திருப்பார் என்று, அவர் ஹோலில் கிடந்ததைக் கண்ணால் பார்த்த நானே நம்பினேன். போகும் வழியில் விழுந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன்.

பாத்ரூம் வேலை வீண் இல்லை, அதில் கற்றதைச் சொல்கிறேன். ரப்பர் வட்டத்தால் டைல்ஸில் ஒட்டிப் பிடிக்கும் கைப்பிடிகளை வாங்காதீர்கள். முதலில் அதைத்தான் வாங்கினேன். இரண்டாம் நாள் நான் சாய்ந்து பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. சுவரில் துளைபோட்டு இறுக்கியதுதான் கைப்பிடி. அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: கொழும்பு ஃபிளாட்டுகளில் பல உட்சுவர்கள் உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லால் கட்டியவை. அதில் பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்க்ரூ முறுக்கினால் துவாய் தொங்கப்போடத்தான் காணும், ஆள் பாரம் தாங்காது. எங்கள் மேசன் பாஸ் சுவரைத் தட்டிப் பார்த்து, ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் பொந்துக்கல் என்று கண்டுபிடித்தார். பொந்துக்கல் சுவரில் மறுபக்கம் வரை துளைத்து, அங்கே ஒரு தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்கினார். கடற்கரைப் பக்கம் என்பதால் சாதாரண இரும்பு வேண்டாம், பூச்சுக் கழன்று இரண்டு மழைக்குள் துரு பிடிக்கும் என்றார். துருவேறாத எஃகில் போட்டோம்.

எந்த உயரத்தில் பூட்டுவது? அளவுப் புத்தகங்களில் தரையிலிருந்து 84 முதல் 91 சென்ரிமீற்றர் என்றிருக்கும். பெரியம்மா ஐந்தடிக்கும் குறைவு. அதனால் அவரையே கமோட்டில் இருந்து எழும்பச் சொன்னோம். கை இயல்பாகச் சுவரில் எங்கே போகிறதோ அங்கே சோக்கால் கோடு போட்டோம். மூன்று தடவை எழும்பினார், மூன்று கோடும் ஒரு சாணுக்குள்தான். அந்த இடத்தில் பூட்டிய கைப்பிடியை இன்றுவரை அவர் தேடிப் பிடிப்பதில்லை, கை தானாகப் போகிறது. அவர் முப்பத்திரண்டு வருடம் கணக்கு ரீச்சராக இருந்தவர். சோக்கைக் கண்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கதவையும் மாற்றினோம். சின்ன பாத்ரூம், உள்பக்கமாகத் திறக்கிற கதவு. உள்ளே ஆள் விழுந்து கதவில் சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி தச்சர் மாற்றித் தந்தார். தாழ்ப்பாளுக்குப் பதில், வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டு. இது மலிவான வேலை. கைப்பிடிக்கு முன்னால் இதைத்தான் செய்யவேண்டும் என்பது என் எண்ணம்.

இவ்வளவும் முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு, கையில் பிளாஸ்டருடன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெரியம்மா, “பாத்ரூமுக்குப் போகேக்க நான் விழேல்லையே” என்றார்.

“அப்ப எங்க போனீங்கள்?”

“பூட்டுப் பார்க்க.”

இதை எழுதுவதற்கே காரணம் இந்தப் பதில்தான். ஒவ்வொரு இரவும் ஒரு தடவையாவது எழும்பிப்போய், கிறிலில் இரண்டு பூட்டும் இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பிறகு குசினிக்குப் போய் காஸ் ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் என்று செய்தி வந்த நாளிலிருந்து அந்த இரண்டாவது பழக்கம். முதலாவதற்கு வயது அதிகம். 1983 யூலையில், தமிழர்மீது கலவரம் வெடித்தபோது, பெரியம்மாவும் பெரியப்பாவும் இதே வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். பின்மதில் ஏறி அயல்வீட்டில் ஒளித்திருந்து, பிறகு பம்பலப்பிட்டியில் அகதி முகாமாக மாறிய பள்ளிக்கூடத்தில் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு மறுபடி கொழும்பு. அப்புறம் பொலிஸும் ஆமியும் நடுச்சாமத்தில் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்ட வருடங்கள். இப்படி வாழ்ந்த ஒருவருக்குப் பூட்டுத்தான் பாதுகாப்பு. எனக்கோ அந்தப் பூட்டுத்தான் ஆபத்து. நாங்கள் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு விஷயத்தைக் கதைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு நான் எதையும் வாங்கவில்லை. இரண்டு இரவு அங்கேயே படுத்தேன். ஒன்றும் சொல்லாமல், உதவியும் செய்யாமல் பார்த்தேன். வயதானவருக்கு வீட்டைச் சீர்செய்ய நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பகலில் அவர்கள் காட்டும் வீடு வேறு, இரவு மூன்று மணிக்கு அவர்கள் நடக்கும் வீடு வேறு.

கண்டதைச் சொல்கிறேன். பெரியம்மா கட்டிலில் எழும்பி இருக்கிறார். உடனே நிற்கிறார். நின்றதும் ஒரு கணம் ஆடுகிறார், அலுமாரியில் கை வைக்கிறார். அலுமாரியிலிருந்து கதவு நிலை. நிலையிலிருந்து தையல் மெஷின். அதிலிருந்து கிறில் வரை நாலு எட்டு, பிடிக்க ஒன்றுமே இல்லை. அந்த நாலு எட்டுக்கு நடுவில்தான் சாமிப் படத்தட்டு, அதற்கு முன்னால் ஒரு சின்னப் பாய். விளக்கிலிருந்து சொட்டிய தேங்காய் எண்ணெய் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரையில் கண்ணுக்கே தெரியாமல் படிந்திருக்கிறது. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். போட்டிருந்தது கணுக்காலுக்குக் கீழே இறங்கிய ஹவுஸ்கோட். இவ்வளவும் இருட்டில். ஏன் லைட் போடவில்லை என்று மறுநாள் கேட்டேன். “லைட் போட்டால் உள்ளுக்கு ஆள் முழிப்பு எண்டு வெளியில தெரியும் எல்லோ.”

சரி. இப்போது செய்யவேண்டியது விளங்கியது. தையல் மெஷினைக் கொஞ்சம் நகர்த்தி அந்த இடைவெளியில் வைத்தோம். இப்போது கட்டிலிலிருந்து கிறில் வரை கை வைக்க ஒரு தொடர் இருக்கிறது. பாயை எடுத்துவிட்டு, சாமி கும்பிட ஒரு முதுகுள்ள கதிரை. விளக்கை விளிம்புள்ள பித்தளைத் தட்டுக்குள் வைத்தோம், எண்ணெய் அதற்குள்ளேயே நிற்கும். ஆள் அசைந்தால் எரியும் சின்ன லைட் இரண்டு, முழங்கால் உயரத்துக்கும் கீழே, தரையைப் பார்த்தபடி. வெளிச்சம் யன்னல் வரை ஏறாது என்று நானும் ராத்தாவும் இரவு றோட்டில் நின்று பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் சம்மதித்தார். சார்ஜ் போடும் வகையாக வாங்கினோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஹவுஸ்கோட்டுகள் எல்லாவற்றையும் கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைத்தது பெரியம்மாவேதான், பிளாஸ்டர் கழற்றிய கிழமையில். கையை அசைக்கச் சொல்லி டொக்டர் சொன்னதற்கு அது பயிற்சியாகவும் ஆயிற்று.

பூட்டும் ரெகுலேட்டரும் பார்க்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். நிறுத்த முடியாது. அதற்கு வழி கண்டது பெரியம்மா. துணி காயப்போடும் கிளிப் இரண்டு எடுத்தார், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பகலில் சிவப்புக் கிளிப் ரெகுலேட்டரில் கிடக்கும், நீலம் கிறிலில். இரவு காஸை மூடியதும் சிவப்பைக் கழற்றி எடுப்பார், பூட்டியதும் நீலத்தை. இரண்டையும் கட்டிலருகே ஒரு கிண்ணத்தில் போடுவார். நடுச்சாமத்தில் சந்தேகம் வந்தால் கை நீட்டிக் கிண்ணத்தைத் தொட்டால் போதும். இரண்டு கிளிப் இருந்தால் இரண்டும் மூடியிருக்கிறது. முதல் கிழமை கிளிப்பையும் தொட்டு, எழும்பிப்போயும் பார்த்தார். பிறகு எழும்புவது குறைந்தது. நான் எத்தனை வருடம் யோசித்தாலும் இது எனக்கு வந்திராது.

மிஞ்சியது திறப்பு. யாரிடமாவது ஒரு திறப்பு இருக்கவேண்டும். நான் பத்து நிமிடத் தூரம், ஆனால் மழைநாளில் காலி வீதியில் அது நாற்பது நிமிடம். “எனக்குத் தந்தால் போதாது, இந்தக் கட்டடத்துக்குள்ள ஒருத்தரிட்டக் குடுங்கோ. ஆரெண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றேன். இரண்டு மாதம் பதில் இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் தானாகச் சொன்னார்: “கீழ் வீட்டுப் பிள்ளையிட்ட.” ஆனால் ஒரு நிபந்தனை. திறப்பைக் கடித உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே தன் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பார். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ராத்தா அந்த உறையைக் கொண்டுவந்து காட்டவேண்டும். ராத்தாவிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அவர் தப்பாக எடுப்பாரோ என்று. அவர் சிரித்துக்கொண்டே “இது அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருள், இப்படித்தான் இரிக்கணும்” என்றார். மாதம் முதலாம் திகதி உறையோடு போகிறார், தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறார். இரண்டு ஆமைப்பூட்டும் போய், உள்ளேயும் வெளியேயும் ஒரே திறப்பால் திறக்கிற பூட்டு கிறிலுக்கு வந்தது. மரக்கதவுத் தாழ்ப்பாளையும் கழற்றி அதேபோன்ற பூட்டுப் போட்டோம்.

மருந்து விஷயம். எழும்பி நின்றதும் ஆடினார் என்றேன் அல்லவா, அதை டொக்டரிடம் சொன்னோம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிறஷர் பார்த்தார்கள்: 152. எழுப்பி நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் பார்த்தார்கள்: 124. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது கவனிக்கவேண்டிய விஷயம். கிளினிக்குகளில் பெரும்பாலும் இருந்தபடியேதான் பிறஷர் பார்ப்பார்கள், நின்று பார்க்கச் சொல்லி நாங்கள்தான் கேட்கவேண்டும். பிறகு வீட்டிலிருந்த குளிசை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் அள்ளிக்கொண்டு போனோம். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள் ஒரு பக்கம், தனியார் டொக்டர் எழுதி பாமசியில் வாங்கிய அட்டைகள் மறுபக்கம். அதில் ஒரே பிறஷர் மருந்து இரண்டு பெயரில் இருந்தது. பெரியம்மா இரண்டையும் விழுங்கியிருக்கிறார். யாரும் பிழை செய்ததாக அவர் நினைக்கவில்லை, இரண்டும் வேறு நிறமாம். சிறுநீர் போகவைக்கும் குளிசையை இரவில் எடுத்ததும் தெரியவந்தது, அது காலைக்கு மாறியது. தடிமனுக்கு அவர் அடிக்கடி போடும் குளோர்பெனிரமின் குளிசை தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரும், இந்த வயதில் வேண்டாம் என்று டொக்டர் நிறுத்தினார். நாங்களாக ஒரு குளிசையையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. டின்னோடு போய் ஒரே ஆளிடம் முழுவதையும் காட்டினோம், அவ்வளவுதான் செய்தது. இப்போது கிழமைப் பெட்டி ஒன்றில் ஞாயிறு பின்னேரம் நிரப்புகிறோம். எந்தக் குளிசை எதற்கு, எத்தனை மணிக்கு என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. எழுதியது பெரியம்மா. ரீச்சர் கையெழுத்து, எனக்கே பார்க்க ஆசையாக இருக்கும்.

விடிய எழும்பும்போது கட்டிலில் இருந்தபடி பாதத்தைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, கொஞ்சத் தண்ணி குடித்துவிட்டு நிற்பது இப்போது பழக்கமாகிவிட்டது. கைப்பிடி இல்லாத கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்கும் பயிற்சியும் செய்கிறார். மூன்றில் தொடங்கினார், இப்போது எட்டு. தசைக்கும் சமநிலைக்குமான பயிற்சியை விடாமல் செய்தால் விழுவது ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எந்தக் கைப்பிடியையும்விட இது பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணையும் காட்டினோம். வலது கண்ணில் வெண்புரை, சத்திரசிகிச்சை முடிந்தது. படி இறங்கும்போது, மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்குமான இரட்டைக் கண்ணாடி போடவேண்டாம் என்றார்கள், கீழ்க்கண்ணாடியால் பார்த்தால் படி மங்கும்.

சரிவராதவையும் இருந்தன. கமராவை ஒன்பது நாளில் துணி போட்டு மூடிவிட்டார், நியாயம்தான், நானும் மூடியிருப்பேன். கையில் கட்டும் அலாரம் குளிக்கும்போது கழற்றி வைத்து மறுநாள் வரை மறந்து போயிற்று. கடைசியில் வேலை செய்தது வயர் இல்லாத சாதாரண கோலிங் பெல். பட்டனில் ஓட்டை போட்டுக் கழுத்தில் கட்டும் நூலில் கோத்தோம், மணியை ராத்தா வீட்டுக் குசினியில் வைத்தோம். பெட்டியில் எழுதியிருந்த தூரம் கொங்கிரீட்டுக்குள் செல்லாது என்பதால் ஒவ்வொரு மூலையிலும் நின்று அழுத்திப் பார்த்தோம். பாத்ரூமிலிருந்து கேட்கவில்லை. மணியை வேறு பிளக்குக்கு மாற்றியதும் கேட்டது. மாதம் முதலாம் திகதி உறையோடு சேர்த்து இதையும் சோதிக்கிறார்கள்.

இன்னொன்றையும் செய்தோம், பலர் இதைச் செய்வதில்லை. விழுந்தால் எழும்பப் பழகினோம். டொக்டர் சரி என்ற பிறகு, பாய் விரித்து, என் கணவரும் நானும் பக்கத்தில் நிற்க, பெரியம்மா தரையில் படுத்தார். முதலில் அசையாமல் கிடந்து எங்கே நோகிறது என்று பார்ப்பது. கடுமையாக நொந்தால் எழும்பப் பார்க்காமல் பட்டனை அழுத்துவது. நோகாவிட்டால் ஒரு பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் வருவது. தவழ்ந்து உறுதியான கதிரைக்குப் போய், இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, பலமான காலை முன்னால் மடித்து, உந்தி, திரும்பிக் கதிரையில் இருப்பது. முதல் தடவை பத்து நிமிடம் எடுத்தது. நடுவில் ஒரு தடவை அழுதார், நோவால் இல்லை. அன்று இரவு தரையில் கிடந்தது ஞாபகம் வந்ததாகச் சொன்னார். கொஞ்சம் இருந்துவிட்டு, “இன்னொருக்கால் செய்வம்” என்றார்.

போன ஐப்பசியில் பின்னேர இடிமழை. யன்னலால் சாரல் அடித்துக் குசினி வாசலில் தண்ணி நின்றிருக்கிறது. பெரியம்மா சறுக்கி விழுந்தார். பட்டனை அழுத்தினார். ராத்தா உறையைக் கிழித்து, திறப்பை எடுத்து, இரண்டு கதவையும் திறந்து உள்ளே போக மூன்று நிமிடமும் ஆகவில்லையாம். அவர் போனபோது பெரியம்மா சாப்பாட்டு மேசைக் கதிரையில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார், முழங்காலில் கொஞ்சம் உரசல். எனக்குப் போன் எடுத்தது பெரியம்மாவேதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் தேத்தண்ணியோடு இருந்தார்கள். கிழிந்த உறை மேசையில் கிடந்தது. பெரியம்மா அதை எடுத்து, தன் கையெழுத்து இரண்டாகப் பிரிந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “அலுமாரி மேல் தட்டில கவர் கிடக்கு, ஒண்டு எடுத்துக்கொண்டு வா பிள்ளை. மொத்தமானதாப் பார். இது மெல்லிசு.”